நாலு வரிச் செயலியும் நாற்பது நிமிடப் பாயிரமும்

பழைய நூல்களின் முகப்பில் பாயிரம் என்று ஒன்று நிற்கும். நூல் யாது, செய்தவர் யார், கேட்கத் தக்கவர் யார் என்பதை வாயிற்காவலன்போலச் சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்கிக்கொள்வதே அதன் இலக்கணம். இவ்விலக்கணம் கடல் கடந்து வரும் வழியில் எங்கோ தவறிவிட்டது போலும். மொன்றியல் முத்தமிழ் மாண்பு மன்றத்தின் யாப்பில், அதாவது அமைப்பு விதிகளில், அதைக் காணக் கிடைக்கவில்லை.

மன்றம் அந்நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒரு சேலைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. அதற்கு முப்பது ஆண்டு வரலாறும், அறுநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினரும், பதினேழு உபகுழுக்களும், ஆட்களை ஏற்றும் ஒரு வானும் உண்டு. இந்நான்கினுள் அசையும் பொருள் வான் ஒன்றே.

சனிக்கிழமைதோறும் அந்த வான் தொலைவில் வாழும் முதியோரை ஏற்றி வந்து மண்டபத்தில் இறக்கும். அவர்கள் தேநீர் குடிப்பர், ஒருவர் பிழையை ஒருவர் திருத்தியபடி பதிகம் பாடுவர், மாலையில் திரும்புவர். வெள்ளிக்கிழமைக்குள் தொலைபேசியில் பெயரைச் சொல்லிவைத்தால் போதும். அந்தத் தொலைபேசியை எடுத்துவந்தவர் பிரஷாந்தினி. அவர் மணம் முடித்து ரொறன்ரோ போனபின் தொலைபேசி வெற்றறையில் ஒலித்தது. அவருடைய இடத்துக்கு ஆள் தேட மன்றம் பதினெட்டாவது உபகுழுவை அமைத்தது. உபகுழு இருமுறை கூடித் தன் பெயரைத் தீர்மானித்துக்கொண்டது.

இல்-பிசார் தீவில் மகனுடைய பெரிய வீட்டில் வாழ்ந்துவந்த செல்வமலருக்கு வயது எழுபத்தொன்று. அத்தீவில் பனி உண்டு, அமைதி உண்டு, பேருந்து அரிது. வான் வராத இரண்டாவது சனியன்று அவர் தம் தம்பி நகுலேஸ்வரனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, இஞ்சை சுவர் மட்டுந்தான் நான் சொல்லுறதைக் கேக்குது."

"பேரப்பிள்ளையள் நிக்கினம்தானே அக்கா?"

"அதுகள் என்னைக் கண்டா போன்ஜூர் எண்டிட்டு மேலை ஏறிவிடுங்கள். நேற்று ஒரு பதிகத்தைத் துவங்கினன். சின்னவள் வந்து கதவைச் சாத்திப்போட்டுப் போறாள். அவளிலை பிழையில்லை, பாடம் படிக்கிற பிள்ளை. எனக்குச் சனியிலை நாலு பேரோடை இருந்து பாட வேணும் தம்பி. இல்லாட்டி வாய் மறந்து போயிடும்."

நகுலேஸ்வரன் டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வெங்காயம் வெட்டுபவர், ஐம்பத்து நான்கு வயது, கார் இல்லாதவர். அவர் வான் சாரதி யோசெப்பைத் தேடிப் போனார்.

"எனக்கென்ன, சொன்னா ஓடுவன்," என்றார் யோசெப். "ஆனா சாரதி தானாப் பதிவு எடுக்கக் கூடாதாம். மாசி மாசம் ஒரு மனிசியைக் கேட்ட இடத்திலை ஏத்தினதுக்கு என்னட்டை விளக்கக் கடிதம் வாங்கினவங்கள். மூண்டு பக்கம் எழுதினனான்."

"அப்ப என்ன செய்யிறது அண்ணை?"

"கெதியா ஏதும் செய்யும். எட்டுச் சனி தொடர்ந்து ஒருத்தரும் ஏறாட்டி சேவை தானா நிண்டுபோகும் எண்டு யாப்பிலை கிடக்கு. ரெண்டு போட்டுது."

ஆறு சனி எஞ்சியிருந்தன. அன்று மாலை ஊர் நூலகத்தின் பலகையில் நகுலேஸ்வரன் ஓர் அறிவித்தலைக் கண்டார்: குரலைக் கேட்டு வேலை செய்யும் செயலியை உருவாக்கக் கற்றுத் தருவோம், செவ்வாய்தோறும், முன்னறிவு தேவையில்லை. முன்னறிவு இல்லாமை ஒன்றே தம்மிடம் நிறைவாக இருந்தமையால் அவர் துணிந்து பெயர் கொடுத்தார்.

கற்பித்தவர் ரக்‌ஷனா; சென்னையிலிருந்து வந்து இங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிப்பவர்.

"அங்கிள், மெஷினுக்கு ஒண்ணுமே தெரியாது," என்று முதல் வகுப்பில் அவர் சொன்னார். "ஆளுங்க எதுக்காகப் பேசறாங்கன்னு நாமதான் சொல்லித் தரணும். ஒரே விஷயத்தை எத்தனை விதமா கேப்பாங்களோ, அத்தனையும் எழுதிட்டு வாங்க. அப்பதான் அது பிடிச்சுக்கும்."

நகுலேஸ்வரனுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. பதிகம் என்பதும் அதுதானே. ஒரே வேண்டுதலைப் பத்து வகையாக வைப்பது. எந்த வகை செவியில் ஏறும் என்பது வேண்டுவோனுக்குத் தெரியாமையால் பத்தையும் பாடிவிடுவது. அவர் உணவகத்தின் உணவுக் கட்டளைச் சீட்டுகளின் பின்புறத்தில் அறுபத்து நான்கு வகை எழுதிக்கொண்டு போனார். வான் வேணும். வான் வருமே. என்னையும் ஏத்திக்கொண்டு போங்கோ. வாசல்லை நிக்கிறன். இந்தக் கிழமையும் விட்டிட்டுப் போயிடாதேங்கோ. உங்கை ஆரும் இருக்கிறியளோ.

ரக்‌ஷனா படித்துக்கொண்டே வந்து இறுதியில் நின்றார். "அங்கிள், கடைசி ரெண்டுல வானைப் பத்தியே இல்லையே?"

"அதுவும் வான் கேக்கிறதுதான் பிள்ளை."

ரக்‌ஷனா அவ்விரண்டையும் அழிக்காமல் சேர்த்துக்கொண்டார்.

கற்றல் எளிதாக நிகழவில்லை. முதல் வாரம் செயலி எதற்கும் 'புரியவில்லை' என்றே விடையிறுத்தது. நகுலேஸ்வரன் அதனிடம், "பரவாயில்லை தம்பி, ஆறுதலாச் சொல்லும்," என்று தேற்றினார். இரண்டாம் வாரம் அது பேசியது. ஆனால் எங்கே நிறுத்துவது என்று அவர் எழுத மறந்திருந்தார். அது பெயர் கேட்டது, சொன்னார். மீண்டும் கேட்டது, மீண்டும் சொன்னார். கேட்டவருக்கு மறுமொழி சொல்லாதிருத்தல் பண்பன்று என்று வளர்க்கப்பட்டவர் ஆதலால் பதினொரு முறை தம் பெயரைச் சொன்னார். வகுப்பே சிரித்தது.

"போதும் அங்கிள், அது சுத்திக்கிட்டே இருக்கு. நீங்க விட்டுடலாம்."

"அது கேக்கேக்க நான் என்னெண்டு எழும்பிறது?"

மூன்றாம் செவ்வாயன்று செயலி பிழையின்றி ஓடியது. நாலே வரி. நூற்பா என்றால் நூற்பா. ஒரு சொல்லைக் கூட்டவும் இடமில்லை, குறைக்கவும் இடமில்லை. அழைப்பவர் வான் கேட்பார். அது பெயரையும் இடத்தையும் கேட்டு, யோசெப்பின் தொலைபேசிக்கு அனுப்பிவிடும். வருகிற சனிக்கே அக்கா மண்டபத்தில் இருப்பார் என்று நகுலேஸ்வரன் கணக்கிட்டார். மன்றத்தின் ஒப்புதல் ஒன்றே பாக்கி.

வியாழன் மாலை நிர்வாக சபை கூடியது. நடுவில் தலைவர் யோகேந்திரன். முப்பது ஆண்டில் இருபத்தாறு ஆண்டு அவரே தலைவர். எஞ்சிய நான்கில் 'உடனடி முன்னாள் தலைவர்' என்ற பதவியை வகித்தார். வலப்புறம் செயலாளர் டெனிஸ்டன், அறிக்கைப் புத்தகத்துடன். இடப்புறம் போஷகர், அதாவது மன்றத்தின் புரவலர், தொண்ணூறை அண்மியவர், எக்கூட்டத்திலும் ஆசியுரை வழங்கிவிட்டுக் கண்ணயர்பவர்.

நகுலேஸ்வரன் தொலைபேசியை மேசை நடுவில் வைத்தார். "வான் வேணும்."

"பேர் சொல்லுங்கோ," என்றது செயலி.

"செல்வமலர்."

"எங்கையிருந்து?"

"இல்-பிசார்."

"சரி. சனி பத்து மணிக்கு வான் வரும்."

பதினான்கு விநாடி. சபை மேலும் ஒரு நிமிடம் காத்திருந்தது.

"மிச்சம்?" என்றார் தலைவர்.

"அவ்வளவுதான் அண்ணை. யோசெப் அண்ணைக்குப் பேர் போயிட்டுது."

"துவங்கினதே தெரியேல்லை. அதுக்குள்ளை முடிஞ்சு போச்சோ?"

"செத்தவீடு சொன்ன மாதிரியெல்லோ கிடக்கு," என்றார் டெனிஸ்டன்.

"ஒரு வணக்கம் இல்லை," என்றார் தலைவர். "ஆரின்ரை மன்றம், ஆர் தலைவர், ஒண்டும் இல்லை. தம்பி, நீர் குசினியிலை நிண்டு பழகின ஆள். ஆரும் கேட்டா உடனை எடுத்துக் குடுத்துப்போடுவீர். மன்றம் அப்பிடி நடக்க ஏலாது. கேட்டவுடனை குடுத்தால் சனம் வானைத்தான் நினைக்கும். எங்களை ஆர் நினைப்பினம்?"

போஷகர் விழித்து ஆசி கூறினார். செயலி 'கொள்கையளவில்' ஏற்கப்பட்டது. மாண்பு சேர்ப்பதற்காக ஒரு தொடக்க விழா நடத்தவும், அதுவரை அதைப் பயன்படுத்தாதிருக்கவும், விழா முடிந்தபின் குரல் உதவியாளர் எடுக்கும் பதிவைச் சாரதி ஏற்று நடக்கவும் தீர்மானம் நிறைவேறியது. விழா எட்டாவது சனிக்குக் குறிக்கப்பட்டது. அதற்கு முன் வரும் சனிகளில் மண்டபம் ஒத்திகைக்கு வேண்டும் என்றனர்.

அதன்பின் மாண்பு நாள்தோறும் சேர்ந்தது.

முதலில் குரல். செயலியின் குரல் எவரோ ஒருவருடையது. அதில் கனதி இல்லை என்று சபை கண்டது. தலைவர் தம் குரலையே வழங்க இசைந்தார். நகுலேஸ்வரன் இருப்பிடத்தில் பதினொரு மணி நேரம் பதிவு நடந்தது. இடையில் தலைவர் தண்ணீர் மட்டுமே அருந்தினார். நகுலேஸ்வரனின் மனைவிதான் களைத்துப்போய் அயல்வீட்டில் சென்று படுத்துக்கொண்டார்.

அடுத்து மொழி. டெனிஸ்டன் ஓர் ஐயத்தோடு வந்தார். "சட்டப்படி இஞ்சை பெயர்ப் பலகையிலை பிரெஞ்சு பெரிசாயும் மற்றதெல்லாம் சின்னனாயும் இருக்க வேணும், தெரியும்தானே? அப்ப பேச்சிலை என்ன முறை? பிரெஞ்சு சத்தமா, தமிழ் மெல்லமா."

"பேச்சுக்கு அப்பிடிச் சட்டம் இருக்கே அண்ணை?"

"இல்லை. பேந்து வந்தால்?"

இனிமேல் வரக்கூடிய சட்டத்துக்கும் இப்போதே கீழ்ப்படிவது மன்றத்தின் மரபு. ஆகவே செயலி 'போன்ஜூர்' என்று முழங்கவும், 'வணக்கம்' என்று காதோரம் முணுமுணுக்கவும் பழக்கப்பட்டது.

பின்னர் மங்கல விளக்கு. இயந்திரம் திரி ஏற்றுவது எங்ஙனம் என்று சபை இரண்டு மணி நேரம் ஆராய்ந்து, தீக்குச்சி உரசும் ஒலியை ஐந்து முறை சேர்த்து, ஒவ்வோர் ஒலிக்குப் பின்னும் ஏற்றுபவரின் பெயரையும் பட்டங்களையும் சொல்ல வைத்தது. அதன்பின் மறைந்தோருக்கு அகவணக்கம். அங்கேதான் நகுலேஸ்வரன் ரக்‌ஷனாவிடம் ஓட வேண்டியதாயிற்று.

"ஒரு நிமிஷம் சைலன்ஸா?" என்றார் ரக்‌ஷனா. "அங்கிள், எட்டு செகண்ட் யாரும் பேசலைன்னா லைன் கட் ஆயிடும். மெஷின், ஆள் போயிட்டாருன்னு நினைச்சுக்கும்."

"ஒரு நிமிசம் குறையாமல் வேணுமாம் பிள்ளை. அம்பது செக்கன் எண்டா அவமரியாதையாம்."

ரக்‌ஷனா தலையில் கை வைத்து யோசித்து ஒரு வழி சொன்னார். ஏழு விநாடிக்கு ஒருமுறை தலைவரின் குரல் 'அகவணக்கம் தொடர்கிறது' என்று தாழ்ந்து சொல்லும். அமைதி எட்டு முறை கலைக்கப்படுவதன் வாயிலாகக் காக்கப்பட்டது.

"இது அசிஸ்டன்ட் இல்ல அங்கிள்," என்றார் அவர். "ஆண்டு விழா."

வரவேற்புரை பத்து நிமிடம், தலைமையுரை பதினெட்டு, போஷகரின் ஆசியுரை, அவர் இடையில் அயர்ந்த மூச்சொலி உட்பட, ஆறு. இவற்றின் பின்னரே அழைத்தவர் தம் தேவையைச் சொல்லலாம். அதற்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்தால் மணி. "ஆக்கள் மைக் கிடைச்சால் விடமாட்டினம் தம்பி," என்று தலைவர் வருந்தினார். "மற்றவையின்ரை நேரத்தை மதிக்கிற பழக்கம் எங்கடை சனத்திட்டை இல்லை."

இறுதியில் நன்றியுரை. ஒருவர் பெயர் விடுபட்டால் அவர் விலகுவார். அவர் விலகினால் அவருடைய மைத்துனர் வேறு மன்றம் தொடங்குவார். ஆதலால் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் சேர்க்கப்பட்டனர், மன்றத்தில் இணைந்த நாளின் வரிசைப்படி. ஒரே நாளில் இணைந்த இருவர் யார் முன் என்று பொருதனர். இருவர் பெயரையும் தலைவரின் இரு குரல்கள் ஒரே கணத்தில் சொல்லும்படி நகுலேஸ்வரன் அமைத்தார். கேட்கும்போது இரண்டு பெயரும் விளங்கவில்லை. அதனால் இருவரும் மனம் நிறைந்தனர். நன்றியுரை ஒரு மணி நாற்பது நிமிடம் வந்தது.

"அண்ணை," என்று நகுலேஸ்வரன் ஒருமுறை துணிந்து சொன்னார், "அக்கா வான் கேக்கிறதுக்கு நாற்பது நிமிசம் நிக்க வேணும்."

"நிக்கட்டுமே தம்பி. அவவுக்கு வீட்டிலை கதைக்க ஆளில்லை எண்டுதானே சொன்னனீர்? இப்ப நாங்கள் கதைக்கிறம்."

எட்டாவது சனி வந்தது. பத்து மணி விழா பதினொன்றரைக்குத் தொடங்கியது. அருகில் வசிக்கும் முதியோர் நடந்து வந்து பின்வரிசையில் அமர்ந்தனர். வாசலில் வான், மாலை சூடி, கண்ணாடியில் சந்தனப் பொட்டிட்டு நின்றது. அதன் முகப்பிலிருந்து விளக்குக் கம்பம் வரை சிவப்பு நாடா கட்டப்பட்டிருந்தது. நான்கு மணிக்குத் தலைவர் அதை வெட்டுவார் என்று நிகழ்ச்சி நிரல் சொன்னது. இல்-பிசாரில் செல்வமலர் ஒன்பது மணி முதல் குளிர்ச்சட்டையும் சப்பாத்தும் அணிந்து, கைப்பையை மடியில் வைத்துக் காத்திருந்தார்.

மேடையில் ஒரு மேசை. மேசைமேல் பட்டு விரிப்பு. பட்டின்மேல் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி. தலைவர் அதற்குப் பொன்னாடை போர்த்தினார். பின்னர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பெருமக்களே! தொழில்நுட்பம் மனிதரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று மேலைநாட்டார் கூறுவர். மிச்சப்படுத்திய நேரத்தை என்ன செய்வது என்று அவர்கள் கூறினார்களா? இல்லை. நாம் கூறுகிறோம். அந்த நேரத்தில் உரையாற்றலாம். முப்பது ஆண்டுகளாக இம்மன்றத்தில் ஒரு கூட்டமும் குறித்த நேரத்தில் தொடங்கியதில்லை. ஓர் உரையும் இடையில் நிறுத்தப்பட்டதில்லை. கேட்பவர் எழுந்து போனதுண்டு, நாம் நிறுத்தியதில்லை. இனி நாம் உறங்கும்போதும் நம் உரை உறங்காது."

கரவொலி எழுந்தது. முதல் அழைப்பாளராகச் செல்வமலர் இணைக்கப்பட்டார். பெட்டி 'போன்ஜூர்' என்று முழங்க, முன்வரிசையில் ஒருவர் தேநீரைச் சிந்தினார். பிறகு எல்லாம் முறைப்படி நடந்தன. ஐந்து தீக்குச்சிகள் உரசின. அகவணக்கத்துக்கு மண்டபம் எழுந்து நின்றது. இல்-பிசாரில் செல்வமலரும் தனியே எழுந்து நின்றார்; அவரை அங்கே காண்பார் இல்லை; ஆயினும் நின்றார். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. நாற்பதாம் நிமிடத்தில் பெட்டி, "இப்பொழுது அழைப்பாளர் தம் கோரிக்கையை முன்வைக்கலாம்," என்றது.

நகுலேஸ்வரன் காதைத் தீட்டிக்கொண்டார். ஒரு சொல் போதும். அறுபத்து நான்கில் எது வந்தாலும் போதும்.

ஆனால் செல்வமலர் மரியாதை அறிந்தவர். நாற்பது நிமிடம் தம்மை வரவேற்றவர்களிடம் முகத்தில் அடித்தாற்போல் வான் கேட்பது எப்படி?

"அவையிலை இருக்கிற பெரியோர் எல்லாருக்கும் என்ரை பணிவான வணக்கம்," என்று அவர் குரல் மண்டபத்தில் ஒலித்தது. "தலைவர் அவர்களே, உங்கடை குரல் நல்ல தெளிவா விழுகுது. தடிமன் மாறிட்டுதோ? போஷகர் ஐயா, உங்களுக்கு முழங்கால் எப்பிடி? சிரமத்தோடை ஆசி சொன்னனீங்கள், ஆண்டவன் உங்களை வைச்சிருக்க வேணும். விளக்கேத்தின ஐஞ்சு பேரிலை ரெண்டாவது பிள்ளை எங்கடை பக்கம்போலை கிடக்கு. அவவின்ரை அம்மாவை நான் கேட்டதாச் சொல்லுங்கோ. இப்பிடி ஒரு ஏழை மனிசியையும் கூப்பிட்டு மதிச்சு இவ்வளவு நேரம் கதைச்சதுக்கு என்னெண்டு நன்றி சொல்லுறது எண்டு..."

நகுலேஸ்வரன் பெட்டியை நோக்கிக் கைகூப்பினார். அவையோர் அதைப் பக்தி என்று கொண்டனர்.

"...சரி, உங்கடை நேரத்தை எடுக்கப்படாது. நான் கேக்க வந்தது என்னெண்டா..."

மணி அடித்தது.

"அழைப்பாளருக்கு நன்றி," என்றது பெட்டி. இணைப்பு அறுந்தது. நன்றியுரை தொடங்கியது. கரவொலி கூரையைத் தொட்டது.

டெனிஸ்டன் அறிக்கைப் புத்தகத்தில் எழுதினார்: 'எட்டாவது சனி. விழா சிறப்பு. பயணி இல்லை.' எழுதியபின் சற்றே முகம் வாடித் தலைவரின் காதில் யாப்பின் விதியை நினைவூட்டினார்.

"அண்ணை, அப்ப இண்டையோடை வான் சேவை முடிஞ்சுது."

தலைவர் கலங்கவில்லை. "சேவை நிண்டாலும் அதின்ரை தொடக்க விழா வரலாற்றிலை நிக்கும்," என்றார். "நிறைவு விழாவுக்கு ஒரு உபகுழு போடும்."

இதைக் கேட்ட நகுலேஸ்வரன் மண்டபத்தின் பின்னிருந்த சமையலறைக்குள் நுழைந்தார். வடைக்கு உழுந்து அரைத்த பாத்திரங்களிடையே நின்று அக்காவை அழைத்தார்.

"நான் பிழை விட்டிட்டனோ தம்பி?" என்றார் செல்வமலர். குரல் சிறுத்திருந்தது. "மணி அடிச்சுப்போட்டாங்கள்."

"உங்களிலை பிழையில்லை அக்கா. நான் இப்ப ஒரு இலக்கம் சொல்லுறன். அதுக்கு எடுங்கோ."

"அதிலையும் வரவேற்புரை இருக்கே? நிண்டு நிண்டு கால் உளையுது."

"இல்லை அக்கா. வணக்கமும் சொல்ல வேண்டாம். வானைக் கேளுங்கோ."

"வணக்கம் சொல்லாமலோ?"

"அக்கா!"

அது மூன்றாம் செவ்வாயின் நாலு வரிச் செயலி. மாண்பு சேராத முதல் வடிவத்தை அவர் அழிக்காமல் வேறோர் இலக்கத்தில் வைத்திருந்தார். கடவுளரை அழைத்த அடியார்களும் இடுக்கண் வந்தபோது பட்டங்களை அடுக்கவில்லை. ஒரு சொல்லால் கூவினர். அதற்கே அவர்கள் தொழுத தெய்வங்கள் இறங்கி ஓடி வந்தனவாம். செல்வமலர் அந்த இலக்கத்தை அழைத்து, "தம்பி, வான்," என்றார். பதினான்கு விநாடியும் ஆகவில்லை.

வாசலில் வானுக்குள் இருந்து பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்த யோசெப்பின் தொலைபேசி அதிர்ந்தது. அவர் திரையைப் படித்துவிட்டு, ஓடிவந்த நகுலேஸ்வரனைப் பார்த்தார்.

"இது ஆர் எடுத்த பதிவு?"

"குரல் உதவியாளர் அண்ணை."

"விழா முடிஞ்சுதோ?"

மேலேயிருந்து நன்றியுரை கேட்டது. எழுபத்து மூன்றாவது பெயர்.

"சபையைப் பொறுத்தமட்டிலை வான் சேவையே முடிஞ்சுது."

"அப்ப சரி. குரல் உதவியாளர் சொன்னால் சாரதி ஓட வேணும் எண்டு தீர்மானம் கிடக்கு." யோசெப் வாயைத் துடைத்தார்.

"அண்ணை, நாடா?"

"நாடாவுக்கு ஒருத்தரும் தீர்மானம் போடேல்லையே."

வான் புறப்பட்டது. நாடா ஒரு கணம் விறைத்து, விளக்குக் கம்பத்தோடு சற்றே வாதாடி, அறுந்தது. இவ்வாறு நான்கு மணி நிகழ்ச்சி ஒன்றே முக்காலுக்கே நிறைவேறியது. மன்றத்தின் வரலாற்றில் நேரத்துக்கு முன் நடந்த முதல் நிகழ்ச்சி அதுவே.

ஒரு மணி நேரம் கழித்துச் செல்வமலர் படியேறி வந்தார். சப்பாத்தில் பனி, கையில் பை, முகத்தில் எட்டுச் சனியின் பசி. பின்னால் யோசெப், தோளில் அறுந்த நாடாவோடு.

மண்டபத்தில் நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. நானூற்றைம்பதை அண்மித்திருந்தது. செல்வமலர் வாசலிலேயே நின்று மேடையைப் பார்த்தார். பின்னர் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே தலைவர் வாய் மூடி வடை மென்றுகொண்டிருந்தார். அவர் குரலோ மண்டபமெங்கும் முழங்கிக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டில் அவர் வாயை மூடியிருக்கக் கண்டவர் எவரும் இல்லை. செல்வமலர் ஒருமுறை கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"என்னெண்டு வந்தனீங்கள்?" என்று டெனிஸ்டன் பதைத்தார்.

"வானிலை வந்தனான். ஏன், வரப்படாதோ?"

டெனிஸ்டன் அறிக்கைப் புத்தகத்தைப் புரட்டினார். 'பயணி இல்லை' என்ற தொடரில் 'இல்லை'யை அடித்து 'ஒருவர்' என்று எழுதினார். விதி விதியாதலால் சேவை உயிர் பெற்றது.

தலைவர் விழாவின் பயன் கண்முன்னே வந்து நிற்பதை உணர்ந்தார். வடையை விழுங்கிவிட்டுத் துள்ளி எழுந்து மேடையேறினார்; மைக்கைப் பிடித்தார்; வாயைத் திறந்தார். பெட்டி நிற்கவில்லை. நன்றியுரையை இடைமறிப்பது மன்றத்தின் மரபன்று என்று அவரே யாப்பில் எழுதி வைத்திருந்தார். அவர் தம் குரல் முடியும்வரை தாமே காத்து நிற்க வேண்டியவரானார். ஒருமுறை "அன்பார்ந்த..." என்று தொடங்கினார், பெட்டி அவரைவிடக் கனதியாக நானூற்று ஐம்பத்தொன்றாவது பெயரைச் சொன்னது. அவை தலைவரைப் பார்த்துச் சற்றே முகம் சுளித்தது.

"நிறுத்த ஏலாதோ இதை?" என்று அவர் நகுலேஸ்வரனிடம் உதடசைத்துக் கேட்டார்.

"இன்னும் நூற்றி அறுபத்தொரு பேர் இருக்கினம் அண்ணை. ஆரை விடுறது எண்டு சொல்லுங்கோ, விடுறன்."

தலைவர் முன்வரிசையைப் பார்த்தார். முன்வரிசை தலைவரைப் பார்த்தது. அவர் இறங்கி வந்து அமர்ந்துகொண்டார்.

செல்வமலருக்கு இரக்கம் மேலிட்டது. காலை முதல் பேசுகிற எதுவாயினும் அதன் தொண்டை வறளும் அல்லவா?

"பாவம், அந்தப் பெட்டிக்கு ஆரும் ஒரு சோடா உடைச்சுக் குடுங்கோவன்," என்றார்.

பின்வரிசையிலிருந்த முதியோர் சிரித்துவிட்டனர். முன்வரிசையில் எவரும் சிரிக்கவில்லை. போஷகர் மெல்ல எழுந்தார். முழங்காலைப் பிடித்தபடி மேடையேறினார். ஒரு கோப்பைத் தண்ணீரைப் பெட்டியின் முன் வைத்து, பொன்னாடையைச் சரிசெய்து, வணங்கி இறங்கினார். அவையோர் கைதட்டினர்.

அதற்குள் செல்வமலர் பின்வரிசைக்குப் போய், தமக்காக மற்றவர்கள் நகர்ந்து விட்ட இடத்தில் அமர்ந்து, குளிர்ச்சட்டையைக் கூடக் கழற்றாமல் பதிகத்தின் முதல் அடியை எடுத்திருந்தார். அருகிலிருந்தவர், "அக்கா, சுருதி கூடிப் போச்சு," என்று திருத்தினார். செல்வமலர் மகிழ்ந்து, இன்னும் கூட்டினார்.